பதினேழாவது மனுவின் கடைசி வரி

உக்காருங்க மேடம். அந்த ஸ்டூல் ஒரு கால் ஆடும், இதுல உக்காருங்க. விசாரணைக்கு வர்றீங்கன்னு தாலுகா ஆபீஸ் வாசல்லயே பேசிட்டாங்க, நீங்க ரோட்டைத் தாண்டுறதுக்குள்ள சேதி எனக்கு வந்துருச்சு. புது ஆர்.ஐ. அம்மான்னாங்க. நல்லது. பேரு எழுதிக்கோங்க. எட்வின் ஞானதிரவியம், வயசு அறுபத்தாறு, தொழில் டைப்பிஸ்ட். 'மனு எழுதுபவர்'னு போட்றாதீங்க. மனு எழுதுறவன் அந்தக் கோடியில உக்காந்திருக்கான், பேனாவும் பரீட்சை அட்டையும் வச்சுக்கிட்டு. நான் டைப்பிஸ்ட். இங்கிலீஷ் ஹையர், ஃபர்ஸ்ட் கிளாஸ். நாப்பத்தொரு வருஷமா இதே வேப்பமரம், இதே மேஜை. மெஷின் மட்டும் ரெண்டாவது.

புகாரை நீங்க வாசிக்க வேண்டாம், எனக்கே தெரியும். முத்திருளாயின்னு ஒரு பொம்பளை, ஆவரங்குளத்துக்காரி, கரிமூட்டத்துல வேலை. அவ தம்பி சேதுபாண்டி மலேசியாவுல காணாமப் போயிட்டான். அவனைத் தேடச் சொல்லி ஆறு வருஷமா நான் அவளுக்கு மனு அடிச்சுக் குடுத்தேன். பதினேழாவது மனுவுல, நம்பிக்கை போச்சுன்னு அவ சொல்லாத ஒரு வரியை நான் இங்கிலீஷ்ல சேத்துட்டேனாம், அதைப் பாத்துட்டு மெட்ராஸ்ல ஃபைலை மூடிட்டாங்களாம். இதுதானே? அவ சொல்லித்தான் எழுதினேன்னு நான் ஒரு வார்த்தை சொன்னா, நீங்க கையெழுத்தை வாங்கிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குப் போயிரலாம். ஃபைல் மூடினது மூடினபடியே கெடக்கும். சேத்தது நான்தான்னு சொன்னா ஃபைலைத் திறப்பாங்க, என் மேஜையைத் தூக்குவாங்க. ரெண்டும் எனக்குத் தெரியும். அதனாலதான் முழுசாக் கேளுங்கன்னு சொல்றேன்.

முதல்ல ஒண்ணு. மனுன்னா என்னன்னு இங்க ஒருத்தருக்கும் தெரியாது மேடம். உங்களையும் சேத்துத்தான் சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. இப்பல்லாம் மொபைல்லயே ஃபார்ம் வந்துருச்சு, பேரு, முகவரி, குறை, அவ்வளவுதான், முடிஞ்சது. அது மனுவா? மளிகைச் சீட்டு. மனுன்னா அதுக்கு ஒரு நடை இருக்கு. ஆரம்பத்துல 'மோஸ்ட் ரெஸ்பெக்டட் சார்'. நடுவுல விஷயம். கடைசிப் பாராவுல கண்ணீர். அந்தக் கடைசிப் பாராவுக்குத்தான் ஜனங்க இந்த மேஜைக்கு வந்தது. விஷயத்தை எவன் வேணும்னாலும் எழுதுவான். அதிகாரி காலையில இருந்து நூறு மனு பாத்து அலுத்துப்போய் உக்காந்திருப்பான், நூத்தியோராவது மனுவோட கடைசி வரி அவனை ஒரு உலுக்கு உலுக்கணும். 'இனி எனக்கு எந்த நம்பிக்கையும் இல்லை, தாங்களே கதி'. இது நம்ம ஊர்ல எல்லா மனுவுலயும் இருக்கிறதுதானே? பாதை கேக்குறவன் எழுதுறான், ரேஷன் கார்டு கேக்குறவன் எழுதுறான். நம்பிக்கை இல்லைன்னு எழுதினா அவன் எந்திரிச்சு வீட்டுக்குப் போயிட்டான்னா அர்த்தம்? இன்னும் கெட்டியா கேக்குறான்னு அர்த்தம். இது ஆபீஸ்ல உக்காந்திருக்கிறவனுக்குத் தெரிய வேண்டாமா?

அதைத்தான் நான் இங்கிலீஷ்ல செஞ்சேன். இங்கிலீஷ்ல நம்பிக்கை போறதுக்கு எத்தனை விதம் இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா? சொல்லுங்க பாப்போம். 'லாஸ்ட் ஹோப்'. ம். அது அஞ்சாம் கிளாஸ் புள்ளை எழுதும். நான் ஒரு நோட்டு வச்சிருக்கேன், மதுரையில ஞாயித்துக்கிழமை பழைய புஸ்தகக் கடையில வாங்குன சொற்றொடர் அகராதியைப் பாத்து எழுதினது. மனு ஒண்ணுக்கு ஒரு தொடர். ஒருத்தருக்குப் போட்டதை அதே ஆளுக்குத் திரும்பப் போட மாட்டேன், அது எனக்கு ஒரு பிடிவாதம். முத்திருளாயிக்கு மொதல் மனுவுல 'வித் டியர்ஸ் இன் மை ஐஸ்'. நாலாவதோ அஞ்சாவதோ 'ஹோப்பிங் அகெய்ன்ஸ்ட் ஹோப்'. அதுக்கப்புறம் 'அட் தி எண்ட் ஆஃப் மை டெதர்'. அப்படின்னா மாட்டைக் கயித்துல கட்டி மேய விட்டா, கயிறு எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரம் மேஞ்சு முடிச்சு, இனி எட்டாதுன்னு நிக்கும் பாருங்க, அது. எப்படி? அந்தப் பொம்பளை மாடு மாதிரிதான் நின்னா ஆறு வருஷமும். அவளுக்கு அதோட அருமை என்ன தெரியும். கையெழுத்து மட்டும் போடுவா, மு, த், தி, ன்னு ஒவ்வொரு எழுத்தா, பத்து நிமிஷம் ஆகும். பின்னாடி ஆள் நிக்கும்.

பதினேழாவது மனுவுக்கு நான் போட்டது 'ஐ ஹாவ் த்ரோன் இன் தி டவல்'. இதை எழுதிக்கோங்க. இங்கிலீஷ்லயே எழுதுங்க, தமிழ்ல எழுதினா கொச்சையா இருக்கும். சரி, தமிழ்லதான் எழுதணும்னா எழுதுங்க, உங்க ஆபீஸ் வழக்கம்.

அர்த்தம் பிறகு சொல்றேன். மொதல்ல அந்தப் பொம்பளை கதையைச் சொல்லிடுறேன், அப்பத்தான் என் பக்கம் உங்களுக்குப் புரியும்.

ஆறு வருஷத்துக்கு முன்னால ஒரு திங்கக்கிழமை, குறை தீர்க்கும் நாள், இங்க நிக்க எடம் இல்லாத கூட்டம். வந்து நின்னா. கையில ஒரு போட்டோ, ஒரு பாஸ்போர்ட் ஜெராக்ஸ், காலண்டர் தாள் ஒண்ணைக் கிழிச்சு அதுல எழுதின ஒரு போன் நம்பர். தம்பி மலேசியாவுல ஈப்போங்கிற ஊர்ல ஒரு ஓட்டல்ல பரோட்டா மாஸ்டர். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை போன் பண்ணுவானாம். ரெண்டு வருஷம் ஒழுங்கா வந்த போன் திடீர்னு நின்னுபோச்சு. ஓட்டல்காரனைக் கேட்டா, அவன் சொல்லாமக் கொள்ளாம போயிட்டான்னு சொல்றான். அப்புறம் ஓட்டலே இல்லைங்கிறாங்க. தாய் தகப்பன் கிடையாது. அக்காதான் வளத்தது. "எந்த ஆபீஸ்ல குடுக்கணும்னு சொல்லுங்க சார், அவனைத் தேடச் சொல்லணும்"ன்னா. நான் அடிச்சுக் குடுத்தேன். மெட்ராஸ்ல வெளிநாடு போனவங்க விஷயத்தைப் பாக்குற ஆபீஸ்ல இருந்து பதில் வந்துச்சு, தூதரகத்துக்கு எழுதியிருக்கோம்னு. அந்தக் கடுதாசியை எடுத்துக்கிட்டு எங்கிட்டதான் வந்தா, வாசிச்சுச் சொல்லுங்கன்னு. எழுதுறதும் நான், வாசிக்கிறதும் நான். இப்படியே நாலு மாசத்துக்கு ஒண்ணு, ஆறு வருஷம். ஒவ்வொரு பதிலும் ஒரே பதில்தான். நடவடிக்கையில் உள்ளது. நடவடிக்கையில் உள்ளது.

நான் சொல்லிப் பாத்தேன் மேடம். சொல்லலைன்னு நெனைக்காதீங்க. "ஏம்மா, வெளிநாட்டுல காணாமப் போனவங்களுக்கு நான் எத்தனையோ மனு அடிச்சிருக்கேன், ஒரு ஆள் திரும்பி வந்து நான் பாக்கல. நீ உன் பொழப்பைப் பாரு"ன்னேன். "சரி சார்"ம்பா. அடுத்த நாலு மாசத்துல வந்து நிப்பா. அவ மகள் வயசுக்கு வந்துச்சு. தாய்மாமன் வந்து பச்சை ஓலையில குடிசை கட்டணும், அது முறை. பங்காளி வகையில ஒரு தம்பி இருக்கான், அவன் கட்டுறேங்கிறான். இவ வேண்டாம்னுட்டா. குடிசையே கட்டாம புள்ளையை வீட்டு மூலையில உக்கார வச்சு, தண்ணி ஊத்தி, விசேஷத்தைத் தள்ளி வச்சுட்டா. 'அவன் வந்து கட்டட்டும்'ங்கிறா. ஊர்ல சிரிச்சாங்களாம். சிரிக்க மாட்டாங்களா? அந்தப் புள்ளை இப்ப காலேஜுக்குப் போகுது, விசேஷம் இன்னும் தள்ளித்தான் கெடக்கு. இப்படிப்பட்ட ஆளுக்கு என்ன புத்தி சொல்றது. இதை எழுத வேண்டாம், சும்மா உங்களுக்காகச் சொன்னேன்.

சரி. பதினேழாவது மனு போச்சு. ரெண்டே மாசத்துல பதில் வந்துருச்சு. அதுவே அதிசயம். கொண்டாந்து குடுத்தா. பிரிச்சுப் பாக்குறேன். 'இன் வியூ ஆஃப் யுவர் ஓன் சப்மிஷன், தி மேட்டர் இஸ் ட்ரீட்டட் அஸ் க்ளோஸ்ட்.' நீங்களே விட்டுட்டேன்னு எழுதியிருக்கிறதால இந்த விவகாரம் இத்தோட முடிந்ததாகக் கருதப்படுதுன்னு. பாத்தீங்களா? எவனோ ஒருத்தன் புதுசா வந்திருக்கான். கான்வென்ட்ல படிச்சவன். அவனுக்கு இங்கிலீஷ் தெரியுது, மனு தெரியல. கடைசிப் பாரா கண்ணீருக்குன்னு போடுறது, அதைப் போய் ஒரு மனுஷன் அப்படியே எடுத்துக்குவானா? 'தங்கள் பாதம் பணிந்து'ன்னு எழுதினா, எங்கே காலைக் காணோம்னு கேப்பானோ?

அவகிட்ட நான் பொய் சொல்லல. "என்ன சார் எழுதியிருக்கு"ன்னா. "இப்போதைக்கு ஒண்ணும் இல்ல, கொஞ்ச நாள் பொறு"ன்னேன். அது பொய்யா? இப்போதைக்கு ஒண்ணும் இல்லைங்கிறது உண்மைதானே. புது ஆள் மாறிப்போவான், பிறகு வேற ஒரு தொடரைப் போட்டு அடிச்சா ஃபைல் தானா எந்திரிக்கும்னு நெனைச்சேன். அவளும் பொறுத்தா. ஏழு மாசம்.

ஏழாவது மாசம் பக்கத்து ஊர்க்காரன் ஒருத்தன் மலேசியாவுல இருந்து லீவுக்கு வந்திருக்கான். வந்தவன் சும்மா இருந்திருக்கலாம். ஈப்போ பக்கம் ஒரு மாரியம்மன் கோயில்ல அன்னதானப் பந்தியில சேதுபாண்டி மாதிரி ஒரு ஆளைப் பாத்தேன், தாடி, மெலிஞ்சு போயிருந்தான், கூப்பிட்டேன், திரும்பிப் பாத்துட்டுப் போயிட்டான்னு சொல்லிட்டான். 'மாதிரி'. கவனிக்கணும் மேடம், மாதிரின்னுதான் சொன்னான். அவ அன்னைக்கே பஸ் ஏறி மெட்ராஸுக்கே போயிட்டா. அங்க அந்தக் கவுண்டர்ல, "அம்மா, உங்க ஃபைல் முடிஞ்சு ஏழு மாசம் ஆச்சு, நீங்களே வேண்டாம்னு எழுதிக் குடுத்திருக்கீங்க, ஃபைல் இல்லாம தூதரகத்துக்கு நாங்க எழுத முடியாது"ன்னு சொல்லியிருக்காங்க. நான் எங்கே எழுதிக் குடுத்தேன்னு கேட்டிருக்கா. மனுவைக் காட்டியிருக்காங்க. கீழே அவ கையெழுத்து.

திரும்பி வந்தவ நேரா எங்கிட்ட வரணுமா இல்லையா? வரல. அதுதான் எனக்கு மனசு விட்டுப்போச்சு. அந்தா இருக்கு பாருங்க, ஜெராக்ஸ் கடை, அங்க கம்ப்யூட்டர்ல அடிக்கிற கமருன்னிசான்னு ஒரு பொண்ணு, அதுக்கிட்ட போய் அந்தப் பதிலையும் என் மனு நகலையும் குடுத்து வாசிக்கச் சொல்லியிருக்கா. அந்தப் பொண்ணுக்கு 'டெதர்'னா என்னன்னு தெரியாது, நான் கேட்டுப் பாத்திருக்கேன். ஆனா இதை வாசிச்சுருச்சு. வாசிச்சு, "அக்கா, தம்பியைத் தேடுற விஷயத்தைக் கைவிட்டுட்டேன், தோத்துட்டேன்னு நீங்க சொன்னதா இதுல இருக்கு"ன்னு சொல்லியிருக்கு. அதுக்கப்புறம்தான் இங்க வந்தா.

சத்தம் போடுவான்னு நெனைச்சேன். போட்டிருந்தா நானும் ரெண்டு போட்டிருப்பேன், எனக்கும் வாய் இருக்கு. அவ ஸ்டூல்ல உக்காந்தா. மனுவை என் முன்னாடி வச்சு, கடைசி வரியில விரலை வச்சா.

"இது என்ன சார்?"

"அது ஒரு இங்கிலீஷ் தொடர்"ன்னேன். "டவலை உள்ள எறிஞ்சேன்னு அர்த்தம்."

"டவல்னா துண்டுதானே? நான் எங்க சார் துண்டை எறிஞ்சேன்? பஸ்ஸுல எடம் புடிக்கக்கூட நான் எறிஞ்சதில்லையே."

பாருங்க, இதுதான் இவங்க இங்கிலீஷ் அறிவு. நானும் பொறுமையா வெளக்கினேன், எனக்கு வெளக்குறதுல ஒரு ஆசை உண்டு. "இது குத்துச்சண்டையில இருந்து வந்தது. ரெண்டு பேர் உள்ள அடிச்சுக்கிறாங்க. ஒருத்தன் அடி தாங்க முடியாம தள்ளாடுறான். அவனுக்கு வேண்டிய ஆள் ஒருத்தன் கயித்துக்கு வெளிய நிப்பான். அவன் பாத்துக்கிட்டே இருந்துட்டு, கையில இருக்கிற துண்டை எடுத்து உள்ள எறிவான். எறிஞ்சா, போதும், எங்க ஆள் தோத்துட்டான், சண்டையை நிறுத்துங்கன்னு அர்த்தம்."

கேட்டுக்கிட்டே இருந்தா. "துண்டை எறியிறது அடி வாங்குறவன் இல்லையா?"

"இல்ல. வெளிய நிக்கிறவன்."

"அடி வாங்குறவனைக் கேட்டுக்கிட்டா எறிவான்?"

"கேக்க மாட்டாங்க. அடிபட்ட மயக்கத்துல அவனுக்கு என்ன தெரியும்"ன்னேன்.

"எனக்கு மயக்கம் ஒண்ணும் இல்லையே சார்"ன்னா.

எனக்குக் கோவம் வந்துருச்சு. வராதா? "எதை வச்சு நீ இன்னும் நம்பிக்கிட்டிருக்க? ஆறு வருஷத்துக்கு மேல ஆச்சு அவன் போன் வந்து. ஒரு எழுத்து இருக்கா, ஒரு அடையாளம் இருக்கா? படிச்ச மனுஷன் நான் சொல்றேன், இதுல நம்பிக்கை வைக்க என்ன இருக்கு"ன்னு கொஞ்சம் சத்தமாத்தான் கேட்டேன். பக்கத்துல நின்னவங்க திரும்பிப் பாத்தாங்க. அவ அசையல. "நம்பிக்கைன்னு நான் உங்ககிட்ட எப்ப சார் சொன்னேன்? அவன் செத்துட்டான்னு எனக்கு இதுவரைக்கும் ஒருத்தரும் சொல்லல. சொல்ற வரைக்கும் தேடுங்கன்னுதான் கேட்டேன். அதை எழுதத்தான் உங்ககிட்ட வந்தேன்"ன்னா. பதில் சொல்லிப் பிரயோசனம் இல்லாத ஆளு.

அப்புறம்தான் கேட்டா. "இந்த வரியை நான் சொல்லல, நீங்களாப் போட்டதுன்னு ஒரு பேப்பர் அடிச்சு, கீழே உங்க கையெழுத்தைப் போட்டுக் குடுங்க சார். மெட்ராஸ்ல அதைக் கொண்டாந்தா ஃபைலைத் திறக்கிறோம்னு சொன்னாங்க."

என் கையெழுத்து. நாப்பத்தொரு வருஷத்துல இந்த மெஷின்ல எத்தனை ஆயிரம் மனு அடிச்சிருப்பேன், ஒண்ணுலயாவது என் பேரு இருக்கா? இருக்கக் கூடாது மேடம். டைப்பிஸ்ட் பேரு போட மாட்டான். மனு மனுதாரர் சொன்னது, அவர் கையெழுத்துப் போட்டா அது அவரோடது. அதுதான் இந்தத் தொழிலோட ஒழுங்கு. இன்னைக்கு இவளுக்குக் கையெழுத்துப் போட்டா நாளைக்கு மரத்தடியில வரிசை கட்டி நிப்பாங்க, நான் அதைச் சொல்லல இதைச் சொல்லலன்னு. முடியாதுன்னுட்டேன். "உனக்கு வேணும்னா புதுசா ஒரு மனு அடிச்சுத் தர்றேன், வேற தொடர் போடுறேன், நல்லதா ஒண்ணு இருக்கு"ன்னேன். எந்திரிச்சுப் போயிட்டா. மனுவை மடிச்சு எடுத்துக்கிட்டு, நல்லா நெனைப்பிருக்கு, "வரேன் சார்"ன்னு சொல்லிட்டுத்தான் போனா.

போய் அந்தக் கமருன்னிசாகிட்ட எழுதி வாங்கியிருக்கா. உங்க ஃபைல்ல மேலயே இருக்கே அது, குடுங்க பாப்போம். ஆங். இதுதான். தமிழ்ல. 'ஐயா, என் தம்பி சேதுபாண்டியைத் தேடுங்கள். தேடுவதை நிறுத்தச் சொல்லி நான் யாரிடமும் சொல்லவில்லை. அந்த வரி என்னுடையது அல்ல. எழுதியவரைக் கேளுங்கள். இப்படிக்கு முத்திருளாயி.' நாலு வரி. ஒரு 'சமூகம்' உண்டா, ஒரு 'பணிவன்புடன்' உண்டா? கடைசிப் பாராவே இல்ல. நேராப் போய் கதவைத் தட்டி நிக்கிற மாதிரி இருக்கு. இதையெல்லாம் ஒரு மனுன்னு வாங்கிப் பதிவு பண்றாங்க பாருங்க, அங்கதான் நாடு கெட்டுப்போச்சு. எத்தனாம் தேதி குடுத்திருக்கா? மூணாம் தேதி. இன்னைக்கு என்ன, பதினஞ்சு. பன்னெண்டு நாள்ல உங்களை இந்த வெயில்ல இங்க அனுப்பி வச்சிருக்காங்க. வேலை இல்லாதவங்க.

தண்ணி குடிங்க மேடம். பானைத் தண்ணிதான், நல்லாருக்கும்.

இப்ப நீங்க கேளுங்க, நான் சொல்றேன். என்னது? இல்ல, சத்தமாவே கேளுங்க, இங்க ஒளிவு மறைவு ஒண்ணும் இல்ல. அந்தம்மா எப்பவாவது நம்பிக்கை போச்சுன்னு எங்கிட்ட சொன்னதுண்டான்னு கேக்குறீங்க.

அதுக்குத்தானே இவ்வளவு நேரம் சொன்னேன், மனுவோட நடை என்னன்னு, கடைசிப் பாரான்னா என்னன்னு. சொன்னாளா சொல்லலையாங்கிறது இல்ல விஷயம். எல்லா மனுவுலயும் எழுதுறது. உண்டா இல்லையான்னு ஒரு வார்த்தையில கேட்டா எப்படி மேடம் சொல்றது? கோர்ட்டுல வக்கீல் கேக்குற மாதிரி கேக்குறீங்க. சின்ன வயசு, அதான்.

பதினேழாவது மனு நான் அடிச்சது சித்திரை மாசம். மத்தியானம். பின்னாடி ஒம்பது பேர் நின்னாங்க. அவ மனுவை நான் பேப்பரைப் பாக்காமலே அடிப்பேன், அவ்வளவு பழக்கம். பாஸ்போர்ட் நம்பர்கூட மனப்பாடம். விரல் பாட்டுக்கு அடிச்சுக்கிட்டே போகுது, கடைசிப் பாரா வந்துருச்சு, நின்னேன். நோட்டைப் புரட்டுறேன். நிமிந்து பாத்தா அவ எதிர்ல நிக்கிறா. கையெழுத்துப் போடுறப்ப தாள்ல கரி ஒட்டிரும்னு முந்தானையில விரலைத் துடைக்கிறா. நான் இன்னும் மனுவை முடிக்கவே இல்ல, அவ அதுக்குள்ள துடைச்சுத் துடைச்சு ரெடியா நிக்கிறா. ஒவ்வொரு விரலா. எனக்கு என்னமோ பொறுக்கல மேடம். இவன் வரப்போறதில்ல, இவளுக்குத் தெரியல, நான் எத்தனை தடவை இதை அடிக்கிறது, இவ எத்தனை தடவை விரலைத் துடைக்கிறதுன்னு இருந்துச்சு. அப்பத்தான் நோட்டுல அந்தத் தொடர் கண்ணுல பட்டது. அர்த்தம் தெரியாமப் போட்டேன்னு நெனைச்சுக்கிறாதீங்க. எனக்கு நல்லாவே தெரியும். கண்ணீருக்குன்னு போட்டேன்னு உங்ககிட்ட சொன்னேன்ல, அதுவும் உண்மைதான். ஆனா அன்னைக்கு அடிச்சப்ப அது ஆபீஸ்காரங்களைக் கெஞ்சுறதுக்குன்னு நான் அடிக்கல.

அவகிட்ட சொல்லல. சொன்னா ஒத்துக்குவாளா?

சரி, எழுதுங்க. முன்னாடி எழுதினதை அடிச்சுட்டு எழுதுங்க, வேற தாள் வேணும்னா தர்றேன், வெள்ளைத் தாள்தான். 'மனுதாரர் நம்பிக்கை இழந்ததாக என்னிடம் ஒருபோதும் கூறியதில்லை.' எழுதிட்டீங்களா? 'நம்பிக்கை போனது டைப்பிஸ்டுக்கு. மனுதாரருக்கு அல்ல. அவர் பெயரில் அதை எழுதியவன் நான்.' அவ்வளவுதான், வேற ஒண்ணும் சேக்க வேண்டாம். கொம்பை ஒழுங்காப் போடுங்க, கையெழுத்து கிறுக்கலா இருக்கு உங்களுக்கு. மேஜையை எப்ப எடுக்கணும்னு சொல்லி அனுப்புங்க, அது பிறகு. இதை இன்னைக்கே அனுப்பிருங்க மேடம், ஈப்போவுல அந்த ஆள் அதே கோயில்லயே இருப்பான்னு என்ன நிச்சயம்.

குடுங்க. எந்த எடத்துல போடணும்? கீழேயா, ஓரத்துலயா? நான் போட்டுப் பழகினதில்ல.